பட்டமும் தரச்சான்றும்

சித்திரை கழிந்து வைகாசி பிறக்கும் வேளையில் மேல்நிலைப் பள்ளித் தேர்வின் முடிவுகள் வெளிவந்துவிடுகின்றன. உடனே நாளேடுகளில் கல்லூரி விளம்பரங்களும் வெள்ளமெனப் பெருகத் தொடங்குகின்றன. மாளிகை போன்ற கட்டடத்தின் படம் ஒன்று. பட்டமளிப்பு அங்கி அணிந்து சிரிக்கும் இளைஞர் படம் ஒன்று. இவற்றின் அடியில், உற்று நோக்கினாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத சிறிய எழுத்துகளில் சில சொற்றொடர்கள். "அரசு அங்கீகாரம் பெற்றது", "பல்கலைக் கழக இணைவு பெற்றது", "தன்னாட்சிக் கல்லூரி", "நிகர்நிலைப் பல்கலைக் கழகம்", "நாக் ஏ கிரேடு" என்று அவை பலவாறாக இருக்கும். பெற்றோர் பெரிய எழுத்துகளைப் படித்து மகிழ்கின்றனர். நானோ கல்லூரி ஆசிரியனாக நெடுங்காலம் இருந்தவன். என் கண் முதலில் அச்சிறிய எழுத்துகளின் மீதே செல்லும்.

அச்சொற்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பொருளைச் சொல்லுகின்றன என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. ஒவ்வொன்றும் ஒரு தனி வினாவுக்கு விடை. ஒவ்வொன்றையும் வழங்கும் கையும் வேறு. பட்டம் அளிக்கும் உரிமை இந்த நிறுவனத்துக்கு உண்டா என்பது ஒரு வினா. இக்கல்லூரியில் படித்தவன் எந்தப் பல்கலைக் கழகத்தின் பட்டத்தைப் பெறுவான் என்பது மற்றொன்று. இங்கே கல்வி நன்றாக நடைபெறுகிறதா என்பது முற்றிலும் வேறான வினா. ஒன்றன் விடையைக் காட்டி மற்றொன்றை மறைப்பது விளம்பரம் எழுதுவோருக்குக் கைவந்த கலை. அதில் ஏமாறும் மாணவன் இழப்பது பணம் மட்டும் அன்று. திரும்பப் பெற இயலாத மூன்று நான்கு ஆண்டுகளையும் இழக்கிறான். ஆகவே இவ்வினாக்களை ஒன்றோடொன்று கலக்காமல் பார்ப்போம்.

பட்டம் அளிக்கும் உரிமை எங்கிருந்து வருகிறது? அறிவு மிகுந்த ஆசிரியர் பலர் ஒன்றுகூடிப் பாடம் நடத்தினால் அவர்கள் பட்டம் வழங்கலாமா? வழங்க இயலாது. நாலந்தாவிலும் காஞ்சியிலும் எவ்வாறு இருந்தது என்பது வேறு செய்தி. இன்றைய இந்தியாவில் பட்டம் என்பது சட்டத்தின் குழந்தை. 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களில் பல்கலைக் கழகங்கள் சட்டத்தின் வழியாகத் தோற்றுவிக்கப்பட்டன. அந்நாளைய இலண்டன் பல்கலைக் கழகமே அவற்றுக்கு முன்மாதிரி. அவை தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை என்பதை இக்கால மாணவர் பலர் அறியார். பாடத்திட்டம் வகுப்பதும், தேர்வு நடத்துவதும், பட்டம் வழங்குவதுமே அவற்றின் வேலை. கற்பிக்கும் வேலை கல்லூரிகளுக்கு உரியது. கற்பிப்பவன் ஒருவன், தேர்வு வைப்பவன் ஒருவன் என்னும் இந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்ததுதான் "இணைவு" என்னும் சொல். 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக் கழகச் சட்டம் இணைவுக்கான நிபந்தனைகளை இறுக்கிற்று. கல்லூரிகளை நேரில் சென்று பார்வையிடும் வழக்கமும் உறுதிப்பட்டது.

விடுதலைக்குப் பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழு, 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் உயர்கல்வி நிலையை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி, 1953-இல் பல்கலைக் கழக மானியக் குழு தொடங்கி வைக்கப்பட்டது. 1956-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவை ஒவ்வொரு மாணவனும் அறிந்திருத்தல் நலம். மத்தியச் சட்டத்தாலோ மாநிலச் சட்டத்தாலோ நிறுவப்பட்ட பல்கலைக் கழகம், அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி பல்கலைக் கழகத்துக்கு நிகரானது என அறிவிக்கப்பட்ட நிறுவனம், பட்டம் வழங்குவதற்கென்றே பாராளுமன்றம் தனி அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவையன்றி வேறெதுவும் பட்டம் வழங்கலாகாது என்பதே அப்பிரிவின் சாரம். சென்னைப் பல்கலைக் கழகம் முதல் வகையைச் சேர்ந்தது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் 1958-இலும், காந்திகிராமக் கிராமியக் கல்வி நிறுவனம் 1976-இலும் இரண்டாம் வகைக்குள் வந்தன. ஐ.ஐ.டி.க்கள் 1961-ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் மூன்றாம் வகையில் அடங்கும்.

அடுத்த பிரிவு, உரிமையின்றிப் "பல்கலைக் கழகம்" என்னும் பெயரைச் சூட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. இவற்றை மீறினால் தண்டனை என்ன? 1956-இல் எழுதப்பட்ட 24-ஆம் பிரிவு ஆயிரம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றது. அந்நாளில் அது பெருந்தொகை. இந்நாளில் ஒரு நல்ல அகராதியின் விலை! பொய்ப் பட்டம் விற்பவன் ஒரே மாணவனிடம் அதைப்போல் நூறு மடங்கு வாங்கிவிடுவான் என்றால், இத்தண்டத்துக்கு அவன் அஞ்சுவானா?

சட்டத்தால் பிறந்ததெல்லாம் நல்ல பல்கலைக் கழகம் ஆகிவிடுமா என்றும் கேட்க வேண்டும். இதற்குச் சத்தீஸ்கர் மாநிலம் தந்த பாடத்தை நாடு எளிதில் மறக்காது. 2000-ஆம் ஆண்டில் உருவான அம்மாநிலம், 2002-இல் தனியார் பல்கலைக் கழகங்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளிவந்தால் போதும், ஒரு பல்கலைக் கழகம் பிறந்துவிடும். கட்டடம் வேண்டா, நூலகம் வேண்டா, ஆசிரியரும் வேண்டா. ஏறத்தாழ ஓராண்டுக்குள் 112 பல்கலைக் கழகங்கள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் பல ஓரறை இருப்பிடங்களில் நடந்தன. பல்கலைக் கழக மானியக் குழுவின் முன்னாள் தலைவரும் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞருமான பேராசிரியர் யஷ் பால் இதனைப் பொறாமல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2005 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அப்பல்கலைக் கழகங்களைத் தோற்றுவித்த பிரிவுகள் செல்லாவென நீதிமன்றம் கூறியது. அவையும் ஒரே நாளில் இல்லாமற் போயின. அங்கே படித்துக்கொண்டிருந்தவர்களின் நலம் கருதி, அந்நிறுவனங்களை மாநிலத்தில் ஏற்கெனவே இருந்த பல்கலைக் கழகங்களுடன் இணைத்துக்கொள்ள முயலுமாறும் நீதிமன்றம் பணித்தது. "நாங்கள் மாநில அரசின் சட்டத்தால் நிறுவப்பட்டவர்கள்" என்று அவை விளம்பரம் செய்தது பொய்யன்று என்பதைக் கவனியுங்கள். அது முதல் வினாவுக்கு மெய்யான விடையாகவே இருந்தது. எனினும் அங்கே கல்வி இருந்ததா என்பதைப் பற்றி அவ்விடை ஒன்றும் சொல்லவில்லை.

இணைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உங்கள் ஊர்க் கல்லூரி ஒரு பல்கலைக் கழகத்துடன் இணைந்திருந்தால், பட்டம் அப்பல்கலைக் கழகத்துடையது. கல்லூரி கற்பிக்கும் இடம். இணைவு கல்லூரி முழுமைக்கும் ஒருமுறை தரப்பட்டு முடிந்துவிடுவதன்று. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே பெறவேண்டும். ஆகவே "எங்கள் கல்லூரி இணைவு பெற்றது" என்ற விடையோடு நின்றுவிடாமல், நீங்கள் சேர விரும்பும் பாடத்துக்கு இணைவு உண்டா என்று கேட்பதே முறை. கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் அதுவே அமைத்துக்கொள்ளும். பட்டம் மட்டும் பல்கலைக் கழகத்தின் பெயரிலேயே வரும். கோத்தாரி குழு பரிந்துரைத்த இம்முறை தமிழகத்தில் 1978-இலேயே நடைமுறைக்கு வந்தது. லயோலா கல்லூரியும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியும் அவ்வாண்டில் தன்னாட்சி பெற்றவை.

மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல், ஆசிரியப் பயிற்சி முதலிய தொழிற்கல்விகளுக்கு இவற்றோடு வேறொரு கட்டுப்பாடும் உண்டு. அவ்வத் தொழிலுக்குரிய மன்றமோ ஆணையமோ ஒப்புதல் அளிக்கவேண்டும். அந்த ஒப்புதல் இல்லாவிடில் பல்கலைக் கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய முன் அனுமதியின்றி அஞ்சல் வழியில் பொறியியல் பட்டங்கள் வழங்கிவந்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பற்றித் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மீண்டும் ஒரு தேர்வு எழுதித் தேறினாலன்றி அவர்கள் பட்டம் உயிர்பெறாது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் அறவே நீக்கப்பட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பணியிலிருந்து, பதவி உயர்வும் பெற்ற ஒருவர், ஒரு காலை வேளையில் தாம் பொறியியல் பட்டதாரி அல்லர் என்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பார்.

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். "தரச்சான்று" என்று நான் சொல்லுவது இதனையே. கல்வி நன்றாக நடைபெறுகிறதா என்பதைச் சட்டத்தால் அறிய இயலாது. அதே தொழிலில் உள்ள பிறர் நேரில் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். இக்கருத்து அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே கல்லூரிகளை ஆளும் மத்திய அமைச்சகம் எதுவும் இருந்ததில்லை. மாநிலத்தில் ஒரு பட்டயம் பெற்றால் எவரும் கல்லூரி தொடங்கலாம் என்ற நிலை பல இடங்களில் நிலவியது. எது உண்மையில் கல்லூரி, எது வெறும் பெயர்ப்பலகை என்று பிரித்தறியும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களே ஏற்றுக்கொண்டன. 1885-இல் நியூ இங்கிலாந்துப் பகுதியிலும், 1895-இல் நடு வடக்குப் பகுதியிலும் பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்ந்து சங்கங்கள் அமைத்தன. காலப்போக்கில் அச்சங்கங்களே தரச்சான்று வழங்கும் அமைப்புகளாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பின், போர்வீரர்களின் கல்விச் செலவை அந்நாட்டு அரசு ஏற்றபோது, அப்பணத்தைக் கவர்வதற்கென்றே போலி நிறுவனங்கள் முளைத்தன. எனவே 1952-இல் இயற்றிய சட்டத்தில் அரசு இச்சங்கங்களின் சான்றைத் துணைக்கொண்டது.

இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்ந்தவர் ஆபிரகாம் பிளெக்ஸ்னர். அவர் மருத்துவர் அல்லர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். கார்னகி அறநிலையம் ஒன்று அவரிடம் மருத்துவப் பள்ளிகளை ஆராயும் பணியை ஒப்படைத்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் அன்றிருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பற்றியும் அவர் நேரில் சென்று அறிந்து, 1910-இல் அறிக்கை வெளியிட்டார். மாணவரை என்ன தகுதி பார்த்துச் சேர்க்கிறீர்கள், ஆய்வுக்கூடம் எங்கே, நோயாளிகளைப் பார்க்க மருத்துவமனை உண்டா என்ற எளிய கேள்விகளே அவருடைய கருவிகள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியை அளவுகோலாகக் கொண்டு, குறைகளைப் பெயர் சுட்டியே எழுதினார். அதன்பின் பல பள்ளிகள் மூடப்பட்டன, எஞ்சியவை திருந்தின. இதனை ஒரு பெருவெற்றி என்றே மருத்துவ வரலாறு கூறுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அன்று கறுப்பின மாணவர்களுக்கென இருந்த மருத்துவப் பள்ளிகள் ஏழு. அவற்றுள் ஹோவர்டு, மெஹாரி ஆகிய இரண்டே பிழைத்தன. செல்வம் மிக்க பள்ளியை அளந்த கோலால் வறிய பள்ளியையும் அளந்தால் விளைவது என்ன என்பதை இது காட்டுகிறது. அப்பள்ளிகளில் ஆய்வுக்கூடம் குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அவை மூடியபின் அம்மாணவர்களுக்கு வேறு கதவுகள் திறக்கவில்லை என்பதும் உண்மை. நம் நாட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் சிற்றூர்க் கல்லூரிகளை எண்ணும்போதெல்லாம் இச்செய்தி எனக்கு நினைவுக்கு வரும்.

நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதற்கு வித்திட்டது. 1994-இல் பல்கலைக் கழக மானியக் குழுவின் கீழ்த் தன்னாட்சி அமைப்பாகத் தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு பெங்களூரில் நிறுவப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து "நாக்" என்று அழைக்கிறோம். கல்லூரிக்குக் "நாக் கமிட்டி" வருகிறது என்றால் வாயிற்காவலர் முதல் முதல்வர் வரை அனைவருக்கும் உறக்கம் போய்விடும்.

இம்முறையின் நடு நரம்பு தன்னாய்வறிக்கை. வருபவர் குறை காண்பதற்கு முன், கல்லூரியே தன்னைத்தான் ஆராய்ந்து எழுதித் தரவேண்டும். பாடத்திட்டம், கற்பித்தலும் மதிப்பிடுதலும், ஆராய்ச்சியும் சமூகப் பணியும், கட்டடம் நூலகம் முதலிய வசதிகள், மாணவர்க்குத் துணைபுரிதல், நிர்வாகம், நிறுவனத்தின் விழுமியங்கள் என ஏழு தலைப்புகளில் அவ்வறிக்கை அமையும். 2017-இல் வகுத்த திட்டத்தின்படி இவ்வேழுக்கும் சேர்த்து எடை 1000. அவ்வெடை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வகையாகப் பகிரப்படவில்லை. பல்கலைக் கழகம் என்றால் ஆராய்ச்சிக்கு 250, கற்பித்தலுக்கு 200. இணைவு பெற்ற கல்லூரி என்றால் கற்பித்தலுக்கு 350, ஆராய்ச்சிக்கு 120. கல்லூரியின் முதற் கடமை கற்பித்தலே என்பதை ஒப்புக்கொண்ட இப்பகிர்வு நியாயமானது என்பேன்.

அறிக்கையில் காட்டும் எண்களைச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பர். மாணவரிடமே கருத்துக் கேட்கும் ஏற்பாடும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டது. எனவே அவ்வாறு உங்களுக்குக் கேள்வித்தாள் வந்தால் ஆசிரியர் முகத்துக்காக எழுதாமல் உள்ளதை எழுதுங்கள். பின்னர்ப் பிற மாநிலங்களைச் சேர்ந்த கல்வியாளர் சிலர் அடங்கிய குழு நேரில் வருவது அத்திட்டத்தின் ஏற்பாடாக இருந்தது. எண்களால் அளக்க இயலாதவற்றைப் பார்த்து மதிப்பிடுவது அவர்கள் பணி.

காவிரிக் கரையில் உள்ள ஒரு சிறு கல்லூரியில் நான் பணியாற்றியபோது, தன்னாய்வறிக்கை எழுதும் ஆசிரியர் குழுவில் எனக்கும் இடம் கிடைத்தது. வருகைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். எங்கிருந்தோ பூந்தொட்டிகள் வந்து இறங்கின. வந்த குழுவில் மூத்தவர் ஒருவர் பூந்தொட்டிகளைத் திரும்பியும் பாரார். நூலகத்தில் எத்தனை ஆயிரம் நூல்கள் உள்ளன என்று எங்கள் நூலகர் பெருமிதத்தோடு சொல்லத் தொடங்கினார். அவர் கேட்டது நூல் வழங்கும் பதிவேட்டை. அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சென்ற பருவத்தில் மாணவர் எடுத்துச் சென்றவை பெரும்பாலும் தேர்வுக்கான வினா விடைக் கையேடுகள் என்பது பத்தே நிமிடத்தில் வெளிப்பட்டுவிட்டது. பிறகு வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று, பேராசிரியரை விட்டுவிட்டு, கூட உதவியாளரிடம் ஒரு வகுப்பில் மாணவர் எத்தனை பேர், பியூரெட்டு எத்தனை என்று கேட்டார். அவர் சொன்ன இரு எண்களையும் குறித்துக்கொண்டு நடந்துவிட்டார். மறு ஆண்டே எங்களுக்குப் பியூரெட்டுகள் வந்து சேர்ந்தன. பல ஆண்டுகள் விண்ணப்பம் எழுதியும் வராதவை அவை.

மதிப்பிட்ட பின், ஒவ்வொரு தலைப்பிலும் பெற்ற மதிப்பை அதன் எடையால் பெருக்கிச் சராசரி காண்பர். உயர்ந்த சராசரி 4. இந்த 2017-ஆம் ஆண்டுத் திட்டத்தில் 3.51-உம் அதற்கு மேலும் பெற்றால் ஏ++, 3.26 முதல் ஏ+, 3.01 முதல் ஏ. அதற்குக் கீழே பி++, பி+, பி, சி என்று இறங்கி, 1.50-உம் அதற்குக் குறைவும் பெற்றால் சான்று இல்லை. சான்றின் ஆயுள் பொதுவாக ஐந்து ஆண்டுகள். தொடர்ந்து மூன்று முறை மிக உயர்ந்த நிலையைப் பெற்ற நிறுவனத்துக்கு ஏழு ஆண்டுகள். "நாக் ஏ கிரேடு" என்று விளம்பரத்தில் கண்டால், எந்த ஆண்டில் பெற்றது என்று கேளுங்கள். பால் புட்டியில் தேதி பார்க்கும் நாம் இதில் பார்ப்பதில்லை.

சராசரி என்பதன் இயல்பையும் சற்று எண்ணிப் பாருங்கள். கற்பனையாக ஓர் இணைவு பெற்ற கல்லூரியைக் கொள்வோம். பாடத்திட்டத்துக்கு எடை 100, பெற்றது 3.4, கற்பித்தலுக்கு எடை 350, பெற்றது 3.3, ஆராய்ச்சிக்கு 120, பெற்றது 2.5, மாணவர் துணைக்கு 130, பெற்றது 3.2, நிர்வாகத்துக்கும் விழுமியங்களுக்கும் நூறு நூறு, ஒவ்வொன்றிலும் பெற்றது 3.5. நூலகம், ஆய்வுக்கூடம் முதலிய வசதிகளுக்கு எடை 100. அதில் பெற்றதோ வெறும் 1.5. பெருக்கிக் கூட்டினால் 3061. ஆயிரத்தால் வகுத்தால் சராசரி 3.06. நூலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் இருந்த வறுமை அவ்வெண்ணில் எங்கே தெரிகிறது? அறிவியல் படிக்க வருபவனுக்கு அதுவன்றோ முதன்மையான செய்தி? ஆகவே ஒற்றை எழுத்தோடு நில்லாமல் ஏழு தலைப்புகளின் மதிப்புகளையும் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நாக் அளப்பது நிறுவனம் முழுவதையும். ஒரு குறிப்பிட்ட துறையை அன்று. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் பாடப்பிரிவுகளைத் தனித்தனியே மதிப்பிடுவதற்குத் தேசியத் தரச்சான்று வாரியம் என்னும் வேறோர் அமைப்பு, அதே 1994-இல், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவினால் தோற்றுவிக்கப்பட்டது. ஒரே கல்லூரியில் இயந்திரவியலுக்கு அவ்வாரியத்தின் சான்று இருக்கலாம். கணினியியலுக்கு இல்லாமலும் இருக்கலாம். பல நாடுகள் ஒன்றுக்கொன்று பொறியியல் கல்வியை ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூன் மாதத்தில் இந்தியா நிலையான உறுப்பு நாடாயிற்று. அப்பேறு இவ்வாரியத்தின் வழியே வந்தது. வெளிநாட்டில் பொறியாளராகப் பணிபுரிய எண்ணுவோர் தம் துறைக்கு அச்சான்று உண்டா என்பதையும், அது அவ்வொப்பந்தத்துக்கு உட்பட்டதா என்பதையும் சேரும் முன்னரே அறிந்துகொள்ளவேண்டும். வாரியத்தின் சான்று பெற்ற எல்லாப் பாடப்பிரிவுகளும் அதில் அடங்கா.

அளப்பவர்களை அளப்பது யார் என்று சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கிரேடு உயர்ந்தால் மாணவர் திரளுவர், மானியம் வரும், தன்னாட்சி எளிதாகும். இவ்வளவு பயன் ஓர் எழுத்தில் தொங்கும்போது அவ்வெழுத்தை விலைக்கு வாங்கத் துணிவோரும் தோன்றுவர். வருகைக் குழுவின் பயணத்தையும் தங்குமிடத்தையும் கல்லூரி கவனிக்கலாகாது என்று நாக் விதித்திருந்தது இந்த அச்சத்தால்தான். ஆயினும் 2025 பிப்ரவரியில், ஆந்திர மாநிலத்து நிகர்நிலைப் பல்கலைக் கழகம் ஒன்றுக்கு உயர்ந்த கிரேடு தருவதற்காகக் கையூட்டுப் பெற்றதாகக் குற்றஞ்சாட்டி, மதிப்பிடச் சென்ற குழுவின் தலைவரையும் உறுப்பினர் சிலரையும், அந்நிறுவனத்தைச் சேர்ந்தோரையும் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. குற்றம் மெய்யா என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. செய்தியைப் படித்தபோது பதிவேட்டைப் புரட்டிய அம்மூத்தவரை எண்ணிக்கொண்டேன். அவரைப் போன்றோரின் உழைப்புக்கும் இதனால் மாசு படிகிறதே என்று வருந்தினேன்.

இதற்கு முன்பே மாற்றம் வேண்டும் என்ற குரல் எழுந்திருந்தது. விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் டாக்டர் கே. இராதாகிருஷ்ணன் தலைமையில் 2022-இல் அமைந்த குழு, ஏ, பி என்னும் ஏணிப் படிகளைக் கைவிட்டு, சான்று உண்டு அல்லது இல்லை என்ற இருநிலை முறையைப் பரிந்துரைத்தது. மேலும் உயர விரும்பும் நிறுவனங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரையிலான நிலைகளையும் வகுத்தது. 2024 ஜனவரியில் இச்சீர்திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 0.01 வேறுபாட்டுக்காக நடக்கும் போட்டி இதனால் தணியும். எனினும் சான்றுக்கான குறைந்த அளவை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிகத் தாழ்த்தினால் சான்று பொருளற்றதாகும். மிக உயர்த்தினால் பிளெக்ஸ்னரின் அறிக்கைக்குப் பின் நேர்ந்தது இங்கேயும் நேரும். சிற்றூர்க் கல்லூரிக்கு, "சான்று இல்லை" என்று எழுதிக் கொடுப்பதோடு பியூரெட்டு வாங்கப் பணமும் கொடுத்தால்தான் அது முறையான மதிப்பீடாகும் என்பது என் கருத்து.

மாணவர் பலர் என்னிடம் கேட்கும் ஒரு வினாவுக்கும் விடை கூறிவிடுகிறேன். "நான் படித்துக்கொண்டிருக்கும்போதே என் கல்லூரியின் நாக் சான்று காலாவதியாகிவிட்டது, என் பட்டம் செல்லுமா?" செல்லும். பட்டம் பல்கலைக் கழகத்துடையது. அதன் உயிர் 22-ஆம் பிரிவில் இருக்கிறது, கிரேடில் அன்று. ஆனால் பட்டம் அளிக்கும் உரிமையே இல்லாத இடத்தில் எத்தனை நட்சத்திரங்களும் பரிசுகளும் சுவரில் தொங்கினாலும் பட்டம் செல்லாது.

உரிமை உண்டா என்று அறிவது கடினமன்று. பல்கலைக் கழக மானியக் குழு தன் இணையதளத்தில் பல்கலைக் கழகங்களின் பட்டியலையும், போலிப் பல்கலைக் கழகங்களின் பட்டியலையும் மாநிலவாரியாக வெளியிட்டுவருகிறது. போலிகளின் பட்டியலைப் படிப்பது நகைச்சுவை நூல் படிப்பதை ஒக்கும்; ஐக்கிய நாடுகளின் பெயரையே தாங்கிய ஒன்று தில்லியில் இருந்ததாக அப்பட்டியல் காட்டியிருக்கிறது. உங்கள் கல்லூரியின் தன்னாய்வறிக்கையைப் பார்க்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கல்லூரிகள் அதனைத் தம் இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்பது நாக் வகுத்த நடைமுறை. நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும், அஞ்ச வேண்டா. நூலகத்தைப் பற்றிய பகுதியை முதலில் திறந்து, அதில் எழுதியிருப்பதையும் நீங்கள் நாள்தோறும் காண்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.